ஓட்டுநருக்கு ஏன் குமட்டுவதில்லை?

மைசூரிலிருந்து சத்தியமங்கலம் போகும்போதெல்லாம் எங்கள் காருக்குள் ஒரே நாடகம்தான். நஞ்சன்கூடு வரை பாட்டு. சாமராஜநகரில் டீ. காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லாரிக்காக யானை காத்து நின்றால் பத்து நிமிடக் கொண்டாட்டம். ஆசனூர் தாண்டியதும் பின் சீட்டில் பேச்சு குறையும். திம்பத்தில் சாலை கீழே சரியத் தொடங்கும்போது அத்தை கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, வாயைப் பிரித்து, மடியில் வைத்துக்கொள்வார். அங்கிருந்து பண்ணாரி அம்மன் கோயில் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலோ எட்டாவதிலோ அந்தக் குரல் வந்துவிடும்: "கண்ணு, கொஞ்சம் ஓரமா நிறுத்து கண்ணு."

ஐம்பது வயதை நெருங்கும்போது அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓராண்டு மைசூருக்குள்ளேயே ஓட்டிப் பழகிவிட்டு, ஒருநாள் திம்பத்தில் தானே இறக்குகிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். 27 வளைவிலும் ஒரு ஏப்பம்கூட வரவில்லை. அன்றைக்குக் கவரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டது, இருபது வருடமாக அவரைக் கிண்டல் செய்துவந்த மாமா.

அதே சாலை, அதே கார், காலையில் தின்ற அதே இட்லி. மாறியது இருக்கை மட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் அது நீங்களாகவே இருக்கக்கூடும். 'எனக்கு பஸ்ஸே ஒத்துக்காது' என்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 'எனக்கு பஸ் ஒத்துக்காது' என்று சொல்லும் பஸ் டிரைவரை மட்டும் யாரும் பார்த்ததில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறோம்.

வயிற்றின் மேல் விழுந்த பழி

பயணத்தில் வரும் இந்தத் தொல்லையைப் பயணக் குமட்டல் என்று அழைப்போம். வயிற்றைப் புரட்டுவதால் எல்லோரும் வயிற்றைத்தான் குற்றம் சொல்கிறோம். பட்டினியாகக் கிளம்பச் சொல்வார் ஒருவர், நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பச் சொல்வார் இன்னொருவர். ஆனால் வயிறு இதில் கடைசியாக வந்து சேரும் ஆள். அதற்கு முன்பே தொல்லை ஆரம்பித்துவிடுகிறது. முகம் வெளிறும், நெற்றியில் குளிர்ந்த வேர்வை அரும்பும், வாயில் உமிழ்நீர் ஊறும். முந்திய அடையாளங்களில் ஒன்று கொட்டாவி. ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளை ஆசனூர் பக்கம் திடீரென்று அமைதியாகிக் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். குமட்டலின் முதல் படியாக இருக்கலாம் அது.

மருத்துவர்கள் குமட்டலுக்குச் சொல்லும் 'நாசியா' என்ற சொல்லின் வேர் கிரேக்க மொழியில் கப்பலைக் குறிக்கும். அன்றைக்கு மனிதன் தன் காலால் நடக்காமல் நெடுந்தூரம் போனது பெரும்பாலும் கப்பலில்தான். காரும் பஸ்ஸும் வந்த பிறகு கடல் தேவைப்படவில்லை.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார் அல்லவா? கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் திரவம், அதில் ஒரு குமிழி. சுவர் சாய்ந்தால் குமிழி நகரும். நம் இரண்டு காதுகளின் ஆழத்திலும், எலும்புக்குள் பத்திரமாக, அதைவிட நுட்பமான மட்டம் ஒன்று இருக்கிறது.

அதில் இரண்டு வகைக் கருவிகள் உண்டு. முதலாவது, மூன்று அரைவட்டக் குழல்கள். உள்ளே திரவம். ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருப்பதால் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒரு குழலில் திரவம் அசையும். தலை திரும்பும் அந்தக் கணத்தில் திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை அங்குள்ள மயிரிழை போன்ற செல்கள் உணர்ந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும்.

இரண்டாவது கருவி, இரண்டு சிறு பைகள். அவற்றின் தரையில் பசை போன்ற படலம். அதன் மேல் சுண்ணாம்புப் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள். காதுக்கல் என்று சொல்லலாம். கார் சட்டென்று கிளம்பினால் இந்தக் கற்கள் பின்னால் வழுக்கும், பிரேக் போட்டால் முன்னால் வழுக்கும், தலை சாய்ந்தால் சாய்ந்த பக்கம் வழுக்கும். (வயதான சிலருக்குப் படுக்கையில் புரளும்போது உலகமே சுற்றும். இடம் பெயர்ந்த காதுக்கற்கள் குழலுக்குள் புகுந்து செய்யும் வேலை அது. பயணக் குமட்டலோடு அதற்கு உறவில்லை.)

நடக்கும்போதும் ஓடும்போதும் இந்தக் கருவிகள் சொல்வதும், கண் சொல்வதும், பாதமும் தசையும் சொல்வதும் ஒத்துப்போகும். நாம் அவற்றைக் கவனிப்பதே இல்லை. இந்த ஏற்பாட்டில் பிறர் ஓட்டும் வண்டிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

கப்பல் ஆடியது, சீட்டாட்டம் நிற்கவில்லை

மைசூரில் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டி அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. 1960களின் நடுவில் தொடங்கப்பட்டது. காது கேளாத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெற்றோர் வருவார்கள். அங்கே தலைச்சுற்றல், தள்ளாட்டம் உள்ளவர்களையும் சோதிக்கிறார்கள். கேட்கும் புலனும் சமநிலைப் புலனும் ஒரே எலும்புக்குள் அண்டை வீட்டார். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்கும் பரவ வாய்ப்புண்டு.

இந்த அண்டை உறவைப் பயன்படுத்தித்தான் பயணக் குமட்டலின் முதல் முடிச்சை அவிழ்த்தார்கள். 1882இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்கள் 519 பேரைச் சுழன்று பார்க்கச் செய்து விவரம் திரட்டினார். அவர்களில் 186 பேருக்குத் தலை சுற்றவே இல்லை. அதையே ஹார்வர்டு கல்லூரியில் ஏறத்தாழ 200 பேரிடம் கேட்டபோது, ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் சுற்றியது. காது கேளாத சிலர், கப்பலில் மற்றவர்கள் படும் பாடு தங்களுக்கு இல்லை என்றும் சொன்னார்கள்.

இதை முழுதாகச் சோதிக்க விண்வெளிக் காலம் வரவேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆஷ்டன் கிரேபியெலின் குழு, வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் 10 பேர் சிறுவயதில் மூளையுறைக் காய்ச்சலால் காது கேட்காமல் போனவர்கள். சமநிலைப் புலனும் அதோடு போயிருந்தது. அவர்களைச் சுழலும் அறையில் நாள்கணக்கில் தங்க வைத்தார்கள், எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானத்தில் ஏற்றினார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் பேரலைகளுக்கு நடுவே படகிலும் கொண்டுபோனார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் ஆராய்ச்சியாளர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டதால் சோதனையையே நிறுத்த நேர்ந்தது. சோதிக்கப்பட வந்தவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கும் வயிறு இருந்தது, அதில் சாப்பாடும் இருந்தது. இல்லாதது காதுக்குள் இருக்கும் ரசமட்டம் மட்டுமே.

ஒரே ஒரு வளைவு, எட்டரை விநாடி

திம்பத்தில் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணக்குக்காக, வளைவு 15 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம், வலப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அரைவட்டத்தின் நீளம் 47 மீட்டர். கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதைக் கடக்க எட்டரை விநாடி.

வளைவுக்கு முன்பே ஓட்டுநர் பிரேக்கை அழுத்துவார். காதுக்கற்கள் முன்னே வழுக்கும். அத்தையின் கண்ணுக்கு முன்னால் இருப்பது முன்சீட்டின் முதுகு, அது அசையவில்லை. கண் சொல்கிறது: 'சும்மாதான் இருக்கிறோம்.' காது சொல்கிறது: 'ஏதோ முன்னால் தள்ளுகிறது.' முதல் முரண்.

ஸ்டியரிங் திரும்புகிறது. குழலில் திரவம் பின்தங்கி 'வலப்பக்கம் சுற்றுகிறோம்' என்கிறது. முன்சீட்டின் முதுகு இன்னும் அசையாமல் இருக்கிறது. இரண்டாவது முரண்.

இப்போது உடல் இடப்பக்கமாக, வளைவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலின் அளவு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ளவரை 10 கிலோ அரிசிப் பை ஒன்று பக்கவாட்டில் முட்டித் தள்ளுவதுபோல. காதுக்கற்களுக்கு ஒரு குறை உண்டு: பக்கவாட்டில் தள்ளப்படுவதையும் பக்கவாட்டில் சாய்வதையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் கற்கள் ஒரே மாதிரிதான் வழுக்குகின்றன. நேராக உட்கார்ந்திருக்கும் அத்தையின் காது, 'சுமார் 12 டிகிரி இடப்பக்கம் சாய்ந்துவிட்டோம்' என்று அறிக்கை அனுப்புகிறது. மூன்றாவது முரண்.

ஏழெட்டு விநாடி ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்ததில் குழலில் இருந்த திரவம் பெரும்பாலும் வேகத்தை எட்டிப்பிடித்துவிட்டது. 'சுற்றுவது ஏறக்குறைய நின்றுவிட்டது' என்று சொல்லத் தொடங்கும் நேரத்தில் கார் நிமிர்ந்து நேர்ச்சாலையில் ஓடுகிறது. தலை நின்றுவிட்டது, திரவம் நிற்கவில்லை. 'இடப்பக்கம் சுற்றுகிறோம்' என்று இல்லாத ஒன்றைச் சொல்கிறது. நான்காவது முரண்.

இதற்கு நடுவில் காலடியில் விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க அத்தை குனிந்தால் முடிந்தது கதை. ஒரு குழல் சுற்றலை உணர்ந்துகொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்தால், குழல்கள் எல்லாம் இடம் மாறி, எந்தத் திசையிலும் சேராத விபரீதச் சுழற்சி ஒன்று உணரப்படும். விமானிகளுக்குப் பயிற்சியில் இதைக் குறிப்பாக எச்சரிப்பார்கள். வளைவில் செருப்பைத் தேடிக் குனிகிற நமக்கு யாரும் சொல்வதில்லை.

இப்போது வேகத்தை மட்டும் மாற்றுவோம். அதே வளைவில் கார் 30 கிலோமீட்டரில் போகிறது. வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. பக்கத்தில் தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்காகிவிடும். பத்துக் கிலோ அரிசிப் பை இருபத்துமூன்று கிலோ மூட்டையாகிவிட்டது. ஓட்டுநர் மிச்சம் பிடித்த நேரம் மூன்று விநாடிக்கும் குறைவு. 27 வளைவுக்கும் சேர்த்து ஒன்றேகால் நிமிடம். கவரைக் கழுவக்கூட அது போதாது.

குண்டும் குழியும் குற்றவாளி அல்ல

சாலை மோசமாக இருப்பதால்தான் வாந்தி வருகிறது என்று பலர் நினைப்பதுண்டு. 1970களில் அமெரிக்காவில் கப்பல் அறை மாதிரி மேலும் கீழும் அசையும் கூண்டில் இளைஞர்களை உட்காரவைத்து, எந்த வேகத்தில் ஆட்டினால் அதிகமாகக் குமட்டுகிறது என்று பார்த்தார்கள். ஐந்து விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற நிதானமான ஊஞ்சல் கதிதான் மிகக் கொடியதாக இருந்தது. விநாடிக்குப் பலமுறை கடகடவென்று குலுக்கினால் முதுகு வலிக்கும், குமட்டாது. மாட்டுவண்டியில் போனவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள், வாயைப் பொத்திக்கொண்டு இறங்கியதாகக் கேட்டதில்லை. மெத்தென்ற ஸ்பிரிங் வைத்த பெரிய கார், வளைந்து வளைந்து போகும் வழவழப்பான மலைச்சாலை: இந்தச் சேர்க்கைதான் ஆபத்து.

கண்ணும் காதும் சண்டையிட்டால் வாந்தி ஏன்?

முரண் ஏற்பட்டால் தலைவலி வரலாம், தூக்கம் வரலாம். வாந்தி எதற்கு? பயணக் குமட்டலை முரண்பாட்டால் விளக்கும் கோட்பாட்டை ரீசன், பிராண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1975இல் ஒரு நூலாக எழுதினார்கள். வாந்தி ஏன் என்பதற்கு விடை சொல்லத் துணிந்தவர் மிஷெல் டிரீஸ்மன், 1977இல். காரும் கப்பலும் இல்லாத காட்டில், கண்ணும் காதும் முரண்படும் சந்தர்ப்பம் ஒன்றுதான்: நஞ்சைத் தின்றுவிட்டால். ஊமத்தங்காயைத் தின்றவனுக்கு உலகம் சுழலும். அப்போது வயிற்றைக் காலி செய்யும் மூளை பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழைய காவல்காரன்தான் திம்பத்தில் அத்தையின் இட்லியை நஞ்சு என்று நினைத்து வெளியே தள்ளுகிறான் என்பது அவர் ஊகம். 1983இல் உட்காதை நீக்கிய நாய்களுக்குச் சில வாந்தி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, அவை முன்போல வாந்தியெடுக்கவில்லை. ஊகத்துக்கு இது ஓரளவு வலு சேர்த்தது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை, உடலை நிலையாக நிறுத்த முடியாமல் தடுமாறுவதே மூல காரணம் என்று வாதிடும் ஓர் அணியும் உண்டு.

இந்த ஆய்வில் நம் வீட்டு விலங்கு ஒன்றும் பங்கெடுத்திருக்கிறது. எலியால் வாந்தியெடுக்க முடியாது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் அதற்கு அதிகப் பயனில்லை. 1980களின் இறுதியில் ஜப்பானியர்கள் மூஞ்சூறை மேடையில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார்கள். சில நிமிடத்தில் அது வாந்தியெடுத்தது. அதன் பிறகு பயண நோய் ஆய்வில் மூஞ்சூறு நிரந்தர உறுப்பினர். பிள்ளையாரைச் சுமக்கிறவர், தானே பயணியாக ஏறினால் தாங்கமாட்டார்.

ஓட்டுநரின் கழுத்து

அப்படியானால் ஸ்டியரிங் பிடித்த அத்தைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவருக்கும் அதே திரவம், அதே கற்கள், அதே அரிசிப் பை.

1991இல் ரோல்னிக், லுபோ என்ற இருவர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சுழலும் கருவி ஒன்றில் இருவரை உட்காரவைத்து, கட்டுப்பாட்டை ஒருவர் கையில் கொடுத்தார்கள். மற்றவருக்கும் கிடைத்தது அச்சு அசலாக அதே ஆட்டம். கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் குமட்டல் குறைவாக இருந்தது. மூளை வெறுமனே இப்போதைய செய்திகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை. அடுத்த கணம் என்ன செய்தி வரும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, வருவதை அதோடு ஒத்துப் பார்க்கிறது. வலப்பக்கம் திருப்பப்போவது தன் கைதான் என்பதால் ஓட்டுநரிடம் பட்டியல் தயார். பின் சீட்டுக்காரரிடம் பட்டியலே இல்லை.

ஓட்டுநர் தன்னை அறியாமல் இன்னொன்றும் செய்கிறார். அடுத்த முறை மலைப்பாதையில் கவனியுங்கள்: வலப்பக்க வளைவில் ஓட்டுநரின் தலை வலப்பக்கம், வளைவுக்கு உள்ளே, சாயும். பயணிகளின் தலைகளோ வெளியே, இடப்பக்கம் விழும். ஜப்பானின் தகாஹிரோ வாடா குழுவினர் இதை அளந்து பார்த்துவிட்டு, பயணிகளையும் ஓட்டுநரைப் போலவே உள்ளே சாயச் சொன்னார்கள். குமட்டல் குறைந்தது. தள்ளும் விசையும் புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்கும் திசைக்குத் தலையை நேராக்கிவிட்டால், காதுக்கல்லுக்குப் பக்கவாட்டுத் தள்ளலே தெரிவதில்லை. பைக்கில் இது தானாகவே நடக்கிறது. வளைவில் வண்டியே உள்ளே சாய்கிறது, பின்னால் இருப்பவரும் கூடவே சாய்கிறார், காற்றும் சாலையும் முகத்துக்கு நேரே இருக்கின்றன. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் 'ஓரமா நிறுத்து' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆக, செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான்: பயணியைக் கூடியவரை ஓட்டுநராக்குவது. ஸ்டியரிங்கைத் தர முடியாது, அவர் பார்க்கும் சாலையைத் தரலாம். 1999இல் பிரிட்டனில் நெடுந்தூரப் பேருந்துகளில் 3,256 பயணிகளிடம் விசாரித்தபோது, முன்சாலை தெரியாத இருக்கையில் இருந்தவர்களுக்கு, நன்றாகத் தெரிந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டிருந்தது. ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறோம். பக்கத்து ஜன்னலில் மரம் பின்னால் ஓடுவதைப் பார்ப்பதில் அவ்வளவு பலனில்லை. முன் கண்ணாடியில் வளைவு வருவதைப் பார்க்கவேண்டும்.

வளைவே இல்லாத சாலையில்

மைசூர்–பெங்களூர் விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 119 கிலோமீட்டர், கொண்டை ஊசி ஒன்றுகூடக் கிடையாது. திம்பத்தில் அசராத இளைஞர்கள் சிலர் அதில் மத்தூர் தாண்டுவதற்குள் முகம் வெளிறிப்போகிறார்கள். காரணம் கையில் இருக்கிறது. போனின் திரை கண்ணுக்குச் சொல்வது 'அசையவே இல்லை' என்று; சாலையில் கார் தடம் மாறுவதையும் வேகம் கூடிக் குறைவதையும் காது விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. முன்சீட்டின் முதுகாவது அவ்வப்போது பார்வையிலிருந்து விலகும். போன் விலகுவதே இல்லை.

மின்சாரக் கார்கள் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. பெட்ரோல் காரில் எஞ்சின் உறுமல் கூடினால் வேகம் எடுக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும். மின்சாரக் காரில் அந்தத் துப்பு இல்லை. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பல கார்கள் பிரேக் போட்டதுபோல வேகம் குறைகின்றன; கால் யாருடையதோ அவருக்கு மட்டும்தான் அது முன்கூட்டித் தெரியும்.

எலுமிச்சை, இஞ்சி, மாத்திரை

அத்தையின் கைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். முகர்ந்துகொண்டே வருவார். இது கண்–காது முரணைத் தீர்க்காது. ஆனால் டீசல் புகை, காரில் தொங்கும் செயற்கை வாசனை, பக்கத்தில் இருப்பவர் பிரித்த முறுக்கு ஆகியவற்றை மறைக்கும்; குமட்டலின் விளிம்பில் நிற்பவருக்கு அதுவே பெரிது. இனிய மணமும் பிடித்த பாட்டும் குமட்டலைக் கொஞ்சம் தணிப்பதாக ஜெர்மனியில் நடந்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. சீராக மூச்சுவிடுவதும் உதவும். 2003இல் வந்த ஓர் ஆய்வில், மூச்சைக் கவனித்து விட்டவர்கள் மருந்து தருகிற பலனில் ஏறத்தாழப் பாதியைப் பெற்றார்கள். எலுமிச்சையை முகர்பவர் ஆழ்ந்து மூச்சிழுக்கிறார் என்பதும் இங்கே சேர்த்தி. 1984இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா அங்கே யோகப் பயிற்சிகளைச் செய்து பார்த்ததும், எடையற்ற நிலையில் உடல் படும் பாட்டுக்கு அது உதவுமா என்று அறியத்தான்.

இஞ்சிக்கு மைசூர்ச் சீமையில் பஞ்சமில்லை, உன்சூர், எச்.டி. கோட்டை பக்கம் வயல் வயலாகப் போடுகிறார்கள். 1982இல் எளிதில் குமட்டல் வரும் 36 மாணவர்களைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்த ஓர் ஆய்வு, மாத்திரையைவிடச் சுக்குப்பொடி மேல் என்று சொன்னது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வயிற்றை ஓரளவு அமைதிப்படுத்தலாம். காதை அது தொடுவதில்லை. இஞ்சி மரப்பா வாயில் இருப்பதில் நஷ்டமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சாப்பாட்டைப் பொறுத்தவரை, வெண்ணெய் மிதக்கும் மைசூர் தோசையை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் வேண்டாம்.

மாத்திரைகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு நேரம். புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட், சின்னாரிசின் போன்றவை காதிலிருந்து வாந்தி மையத்துக்குப் போகும் செய்தியை மட்டுப்படுத்துபவை. குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராது. திம்பத்தில் போட்டுக்கொள்வதை சாமராஜநகர் டீக்கடைக்கு முன்பே போட்டிருக்கவேண்டும். எல்லாம் தூக்கம் தருபவை, ஆகவே ஓட்டுநர் தொடக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு புரோமெத்தசின் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் மருத்துவர் சொன்ன அளவுதான். பல வீடுகளில் கையிருப்பாக இருக்கும் ஆன்டன்செட்ரான் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு நன்றாகக் கேட்கும். பயணக் குமட்டலில் அது கைகொடுப்பதில்லை. அது அடைக்கும் வழி வேறு, இந்தச் செய்தி வரும் வழி வேறு.

மிகப் பழைய, வலுவான மருந்து ஸ்கோபோலமின். வெளிநாடுகளில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சிறு பட்டையாகக் கிடைக்கிறது. அது ஊமத்தைக் குடும்பத்தின் சரக்கு. உலகத்தைச் சுழலவிடும் அதே செடிதான், அளந்து கொடுத்தால், சுழலும் உலகத்தை நிறுத்துகிறது. அளக்கும் வேலை மருந்து ஆலைக்கு மட்டும் உரியது. வேலியோர ஊமத்தையை யாரும் தொடவேண்டாம்.

பின் சீட்டு வழிகாட்டி

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறார்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரைதான் உச்சம். அந்த வயதுப் பிள்ளைக்குத்தான் பின் சீட்டில் எதுவும் தெரிவதில்லை. கண் மட்டத்தில் முன்சீட்டின் முதுகு. அதற்காக முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது கூடாது. திடீர் பிரேக்கில் அதைவிடக் கொடியது நடக்கும். பெல்ட்டோடு பின் சீட்டின் நடுவில், உயர்த்தி உட்காரும் இருக்கை வைத்து, இரண்டு முன்சீட்டுக்கும் இடையே சாலை தெரியும்படி உட்காரவைக்கவேண்டும். பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்வது அடுத்த வழி. முரண்படும் இரு சாட்சிகளில் ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறோம்.

2020இல் நெதர்லாந்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். வெளியே பார்க்க முடியாத பெட்டியில் பயணியை உட்காரவைத்து முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வோர் அசைவுக்கும் சற்று முன்னால் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று ஒரு குரல் சொல்லும்படி செய்தார்கள். அதற்கே குமட்டல் குறைந்தது. ஓட்டுநரே இல்லாத கார்கள் வந்தால் எல்லோரும் பயணிகளாகிவிடுவோம் என்ற கவலையில் கார் நிறுவனங்கள் இதையெல்லாம் உன்னிப்பாகப் பார்க்கின்றன.

போன பொங்கலுக்கு இறங்கும்போது மறுபடியும் அத்தைதான் ஓட்டினார். அவர் பேத்தி ஒன்பது வயது, நடு சீட்டில். கொட்டாவி விடத் தொடங்கியிருந்தாள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவும் வருவதற்குமுன் எந்தப் பக்கம் என்று கத்தவேண்டும், எல்லோரும் அந்தப் பக்கம் சாயவேண்டும் என்று வேலை கொடுத்தோம். "ரைட்டு!" என்றாள். காரே வலப்பக்கம் சாய்ந்தது. "லெஃப்ட்டு!" மாமாவுக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியதால் ஜன்னலோரம் நேராக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவில் பேப்பர் மடங்கியது.

"பாட்டி, தாத்தாவுக்கு ஓரமா நிறுத்தணுமாம்" என்றாள் பேத்தி.